அத்தான் தந்திட்டுப் போன சிவப்பு வைன் போத்தல்: வைக்கிறதோ, உடைக்கிறதோ?

விசுவமடு_பெடியன்

எல்லாருக்கும் வணக்கம். இஞ்ச வைன் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் இருப்பினமோ தெரியேல்ல, எண்டாலும் கேட்டுப் பாப்பம். மெல்பேணில இருக்கிற என்ர அத்தான் வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்து நிண்டவர். போற அண்டைக்கு ஒரு சிவப்பு வைன் போத்தலை என்ர கையில தந்து, "இது சும்மா கடைச் சாமான் இல்லையடா, மாமான்ர எழுபதுக்கு உடையுங்கோ, அதுமட்டும் பத்திரமா வை" எண்டு சொல்லிப்போட்டு வான் ஏறிட்டார். அப்பாக்கு எழுபது வாறது அடுத்த மாசியில. இப்ப ஆவணி.

எங்கட வீடு தகரக் கூரை. மத்தியானம் அலுமாரியைத் திறந்தா போறணைக்கு முன்னால நிண்ட மாதிரி இருக்கும், அதுக்குள்ளதான் பழைய சாறம் ஒண்டால சுத்தி வச்சிருக்கிறன், அம்மாக்கு இன்னும் சொல்லேல்ல. லேபலில 2018 எண்டு கிடக்கு, 14.5 வீதம் எண்டு கிடக்கு, ஆனா முடிவுத் திகதி எண்டு ஒண்டும் இல்லை. போத்தல் மூடி தக்கை இல்லை, சோடாப் போத்தல் மாதிரித் திருகு மூடி, அதைப் பாத்தோண்ண எனக்கு இது மலிவுச் சாமானோ எண்டும் ஒரு சந்தேகம் வந்திட்டுது, ஆனா பின்னுக்கு விலை ஸ்ரிக்கர் பாதி கிழிஞ்சு எண்பது டொலர் எண்டு தெரியுது, அது எங்கட காசுக்கு ரெண்டு மூட்டை நெல்லுக்குக் கிட்ட வரும்.

"கபெர்னே ஷிராஸ்" எண்டு ரெண்டு பழத்தின்ர பேர் போட்டிருக்கு. ரெண்டையும் கலந்ததெண்டா அது கலப்படம் தானே, அதுக்கு ஏன் உந்த விலை? இடம் "லாங்ஹோர்ன் கிறீக்". நெற்றில அவுஸ்திரேலியா வைன் எண்டு தேடினா எல்லாரும் பரோசா, பரோசா எண்டுதான் எழுதுகினம், இந்தப் பேரை ஒருத்தரும் பெருசாச் சொல்லேல்ல. அத்தானை யாரும் ஏமாத்திப்போட்டாங்களோ? மாசிமட்டும் இது தாங்குமோ?

தவறணை_தம்பு

தம்பி, ஏழெட்டு வருசம் போத்தலுக்க கிடந்ததை ஏன் காசு குடுத்துக் குடிக்கிறாங்கள் எண்டு எனக்கு இண்டைவரைக்கும் விளங்கேல்ல. எங்கட சாமான் காலமை இறக்கினா பின்னேரத்துக்குள்ள முடிக்கோணும், இல்லையெண்டா புளிச்சு விநாகிரி. அதுக்கு லேபலும் இல்லை, ஆண்டும் இல்லை. அப்பாக்கு மாசியில நல்ல பனங்கள்ளு நான் ஒழுங்கு செய்து தாறன், அந்தப் போத்தலைத் தம்புவுக்குத் தாங்கோ, நான் அதைப் "பத்திரமா" வைக்கிறன் 😄

பிறெமர்_ஆத்தங்கரை

தம்பு அண்ணை, நீங்கள் திருந்த மாட்டியள்.

விசுவமடுப் பெடியன், நான் புதுக்குடியிருப்பு ஆள், உமக்குப் பக்கத்து ஊர்தான். இப்ப தென் அவுஸ்திரேலியாவில மறே பிறிட்ஜ் எண்ட ஊரில இருக்கிறன். ஒன்பது வருசமா முந்திரிகை (திராட்சை) தோட்டங்களிலதான் சீவியம், அதில கனகாலம் நீர் கேக்கிற அதே லாங்ஹோர்ன் கிறீக்கில. ஆகவே அத்தானை ஒருத்தரும் ஏமாத்தேல்ல எண்டு முதல் சொல்லிப்போடுறன்.

அடிலெயிட்டில இருந்து தென்கிழக்கா மலை ஏறி இறங்கினா ஏறக்குறைய 70 கிலோமீற்றர். வந்து பாத்தா ஏமாந்துபோவீர். பரோசாவில கல்லுக் கட்டடம், ஜேர்மன்காரற்ற பழைய தேவாலயம், ஊருக்கு ஊர் பேக்கரி எண்டு சுற்றுலாக்காரர் நிரம்பி வழிவினம். இஞ்ச சப்பைத் தரை, பெரிய பெரிய றெட் கம் மரங்கள் (யூக்கலிப்டஸ் இனம்), ஒரு கடை, ஒரு ஹொட்டேல், அவ்வளவுதான். பழத்தில பெரும்பங்கை அந்தக் காலம் தொட்டுப் பெரிய கொம்பனியள் வாங்கித் தங்கட போத்தலுக்க விட்டதால ஊரின்ர பேர் லேபலில வாறதே அருமை. எங்கட நெல்லு பொலன்னறுவை மில்லுக்குப் போய் அங்கத்தைப் பேரில திரும்பி வாற மாதிரித்தான்.

இப்ப முக்கியமான கதைக்கு வாறன். அந்த ஊரை ஊடறுத்துப் பிறெமர் எண்டு ஒரு ஆறு போகுது. ஆறெண்டா என்ன, கோடையில எங்கட நெத்தலியாறு மாதிரி, மணலும் மரமும் தான். வருசத்துக்கு மழை 400 மில்லிமீற்றர் அளவில, கிளிநொச்சிக்குப் பெய்யிறதில மூண்டில ஒண்டு. ஆனா அவையின்ர மாரியில, ஆனி ஆடி ஆவணி மாதிரி, லொஃப்ரி மலையில மழை அடிச்சா ஆறு ஒரே நாளில திரண்டு வரும். வந்து கீழ அலெக்சாண்ட்ரினா எண்டு ஒரு பெரிய ஏரிக்க விழும்.

1850இல ஃபிராங்க் பொட்ஸ் எண்டு ஒரு மனுசன் அங்க காணி எடுத்தவர். இங்கிலாந்துக் கடற்படையில இருந்து, 1836இல தென் அவுஸ்திரேலியாக் குடியேற்றத்துக்கு முதல் ஆளுநர் வந்த கப்பலிலயே வந்து இறங்கின ஆள். அந்தாள் ஆத்தைப் பாத்து விளங்கிக்கொண்டது இதுதான்: மழை காணாது, ஆனா வெள்ளம் காணும். ஆத்துக்குக் குறுக்க அணை மாதிரி ஒண்டைக் கட்டி, தோட்டத்தைச் சுத்தி வரம்பு போட்டு, பலகைக் கதவு வச்சு, வெள்ளம் வரேக்க கதவைத் திறந்து முழுத் தோட்டத்தையும் தண்ணிக்க விட்டார். துருசு, வரம்பு, வாய்க்கால் எல்லாம் எங்கட ஆக்களுக்குச் சொல்லித்தர வேண்டிய சாமானே?

நான் அங்க போன முதல் மாரி, ஒரு இரவு முதலாளிக் கிழவன் போன் அடிச்சு "ஆறு வருது, கதவைத் திறக்கோணும், வா" எண்டான். போய்ப் பாத்தா முந்திரிகைக் கொடி எல்லாம் முழங்கால் தண்ணிக்க நிக்குது. எனக்கு நெஞ்சு பதறுது. எங்கட பக்கம் தண்ணி உப்பிடி நிண்டா வெங்காயமும் போச்சு, மிளகாயும் போச்சு. இவன் கிழவன் டோர்ச்சை அடிச்சு அடிச்சுச் சிரிக்கிறான். பிறகுதான் விளங்கிச்சுது, மாரியில கொடி இலை எல்லாம் கொட்டி நித்திரை. ஒண்டு ரெண்டு நாள் தண்ணி நிண்டா அதுக்கு ஒண்டும் செய்யாது. தண்ணி ஆழத்துக்கு இறங்கி நிலத்தை நனைச்சு வைக்கும், கிடக்கிற உப்பைக் கீழ கழுவிப்போடும், மேல வண்டலை விட்டிட்டுப் போகும். உம்மட போத்தலுக்க இருக்கிறது அந்த வண்டல்தான் எண்டு வச்சுக்கொள்ளும். பிறகு கதவைத் திறந்து பக்கத்துக் காணிக்காரனுக்கு விடோணும், அவன் அடுத்தவனுக்கு விடோணும். உதில சண்டை வராதோ எண்டு கேட்டன். வரும், ஆனா ஆறு வாறது இரவில, அந்த நேரம் எல்லாருக்கும் எல்லாரும் தேவை எண்டான்.

பொட்ஸ் தொடங்கின பிளீஸ்டேல் எண்ட வைன் வீடு இண்டைக்கும் இருக்கு. 1892இல றெட் கம் மரத்தால செய்த நெம்புப் பிழிபொறி ஒண்டு அங்க நிக்குது, எங்கட செக்கைப் பாத்த ஆக்களுக்கு அதைப் பாத்தா ஒரு பாசம் வரும், ஆனா பருமன் பயங்கரம்.

ஏரியால பின்னேரத்தில ஒரு குளிர்காத்து ஏறும். அதுக்கு அவையள் வச்ச பேர் "ஏரி டொக்டர்". வெயில் 38, 40 எண்டு அடிச்ச நாளிலயும் பின்னேரம் அந்தக் காத்து வந்தா உடம்பு ஆறும், பழத்துக்கும் அப்பிடித்தான்.

எல்லாம் சொர்க்கம் எண்டு சொல்ல வரேல்ல. 2000 தொடக்கம் பத்து வருசமளவில ஒரு பெரிய வரட்சி வந்து, அந்த ஏரியின்ர தண்ணி கடல் மட்டத்துக்குக் கீழ போனது, ஏரித் தண்ணி உப்பாகிப் போச்சு. 2009இல மறே ஆத்தில இருந்து குழாய் போட்டுத்தான் தோட்டங்களைக் காப்பாத்தினவை. இரணைமடுத் தண்ணி ஆருக்கு எண்டு நாங்கள் அடிபட்ட கதை எல்லாம் அங்க இன்னும் பெரிசா நடக்கும், ஏனெண்டா மறே ஆறு மூண்டு மாநிலத்துக்குப் பங்கு.

இன்னொண்டு, லேபலில எந்தப் பழத்தின்ர பேர் முன்னுக்கு நிக்குதோ அதுதான் கூட. "கபெர்னே ஷிராஸ்" எண்டா கபெர்னே கூட, ஷிராஸ் குறைய. இடத்தின்ர பேர் போட்டா ஆகக் குறைஞ்சது 85 வீதம் அந்த இடத்துப் பழமா இருக்கோணும், ஆண்டுக்கும் அதே கணக்கு. அது சட்டம், சும்மா போடேலாது. திருகு மூடியைப் பாத்து மலிவு எண்டு நினையாதையும், இஞ்ச நல்ல நல்ல வைனுக்கும் இப்ப உதுதான்.

ஏன் கலக்கிறது எண்டதை ஆரும் படிச்ச ஆக்கள் சொல்லுங்கோ. நான் கொடி வெட்டுறவன், தொட்டிப்பக்கம் போறது குறைவு.

விசுவமடு_பெடியன்

அண்ணை, இதைப் படிச்சுப்போட்டு அப்பாக்கு வாசிச்சுக் காட்டினன் (வைன் எண்டு சொல்லேல்ல, ஒரு ஊரில வெள்ளத்தை இப்பிடி மறிக்கினமாம் எண்டு மட்டும்). அவர் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டிட்டார். கதவு மரமோ இரும்போ எண்டு கேக்கிறார்.

பிறெமர்_ஆத்தங்கரை

முந்தி மரம். இப்ப ரெண்டும் இருக்கு.

கெமிஸ்ற்றி_வாத்தி (வவுனியா)

கலப்படம் வேற, கலப்பு வேற. தேங்காயெண்ணெயில பாம் ஒயிலை விட்டு மறைச்சு வித்தா அது கலப்படம். தோசைக்கு அரிசியும் உழுந்தும் சேக்கிறது கலப்படமோ?

கபெர்னே சோவினியோன் எண்டது சின்னப் பழம், மொத்தத் தோல், பெரிய விதை. அதால தனின் கூட. தனின் என்னெண்டு தெரியாட்டி நாவல்பழம் ரெண்டு கை சாப்பிட்டுப்போட்டு நாக்கை அண்ணத்தில முட்டிப் பாரும், அந்தத் துவர்ப்பு இழுக்கிறதுதான். கபெர்னேயை வாயில விட்டா முன்னுக்கு வாசம் நல்லா வரும், கடைசியில துவர்ப்பு நல்லா நிக்கும், நடுவில மட்டும் ஒண்டும் இல்லாத மாதிரி ஒரு பள்ளம். உழுந்துவடை மாதிரி நடுவில ஓட்டை எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. ஷிராஸ் அதுக்கு நேர் எதிர்: நடுப்பகுதி தடிப்பு, பழச்சுவை கூட, துவர்ப்பு மெல்லிசு. அதைக் கொஞ்சம் விட்டா ஓட்டை அடைபடும். பிரெஞ்சுக்காரர் போர்டோவில இந்த ஓட்டையை மெர்லோ எண்ட பழத்தால அடைக்கிறவை. அவுஸ்திரேலியாக்காரரிட்ட அந்த நாளில மெர்லோ இல்லை எண்டே சொல்லலாம், ஷிராஸ் மலை மாதிரிக் கிடந்தது, கபெர்னே கொஞ்சம்தான். ஆகவே இருக்கிறதை வச்சுச் செய்தது பிறகு அவையின்ர அடையாளமாப் போச்சு. போர்டோ வைனுக்கே 1800களில றோன் ஆத்துப் பக்கத்து சிரா விட்டுப் பலப்படுத்தி வித்த வழக்கம் இருந்தது, சிரா எண்டாலும் ஷிராஸ் எண்டாலும் ஒரே பழம்தான். ஆனபடியால் கண்டுபிடிப்பு எண்டு முழுசாச் சொல்லவும் ஏலாது.

மற்றது, ஷிராஸில சிலநேரம் மிளகு வாசம் வரும். ஆக்கள் கற்பனையிலதான் சொல்லுகினம் எண்டு நானும் நினைச்சிருந்தன். அடிலெயிட்டில இருக்கிற வைன் ஆராய்ச்சி நிலையம் 2008இல அதின்ர காரணத்தைக் கண்டுபிடிச்சு வெளியிட்டவை, ரொற்றண்டோன் எண்டு ஒரு சேர்வை, எங்கட கறுப்பு மிளகில இருக்கிற அதே சாமான், ஒரு மூலக்கூறு வித்தியாசம் இல்லை. அதில வேடிக்கை என்னெண்டா அஞ்சு பேரில ஒராளுக்கு அந்த வாசம் மூக்குக்குத் தெரியவே தெரியாதாம். என்ர மனுசி மிளகு ரசம் மணக்குது எண்டு சொல்லேக்க நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டுறனான், நான் அந்த அஞ்சில ஒராளோ எண்டு இப்ப சந்தேகம்.

லாங்ஹோர்ன் கிறீக் வைனில யூக்கலிப்டஸ் வாசம் வரும் எண்டும் சொல்லுவினம். அதுவும் கதை இல்லை. தோட்டத்துக்குக் கிட்ட அந்த மரங்கள் நிண்டா அதின்ர எண்ணெய் காத்தில வந்து பழத்தோலில ஒட்டும், மரத்துக்குக் கிட்ட நிக்கிற நிரையில கூட, தள்ளிப் போகப் போகக் குறையும். பழம் பிடுங்கேக்க இலை குச்சி சேர்ந்து விழுந்தா இன்னும் கூடும். அளந்து பாத்திருக்கினம்.

கொள்ளுப்பிட்டி_மாங்குளத்தான்

நான் மாங்குளம், கொழும்பில ஒரு ஹொட்டேலில பதினொரு வருசமாச் சாப்பாட்டுப் பகுதியில வேலை. தம்பி, மேல ரெண்டு பேரும் நல்லா எழுதியிருக்கினம், ஆனா உங்கட கேள்விக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை. இண்டைக்கே அந்தப் போத்தலை அலுமாரியில இருந்து எடுங்கோ.

வைனுக்குத் தேவை 12, 15 பாகைச் சூடு. உங்கட தகரக் கூரைக்குக் கீழ மத்தியானம் 35, 38 நிக்கும். பத்துப் பாகை கூடினா உள்ளுக்க நடக்கிற ரசாயன வேலை ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகம், வாத்தியார் பிழையெண்டா திருத்தட்டும். அதோட பகல் சூடு இரவு தணிவு எண்டு மாறி மாறி வந்தா உள்ளுக்க திரவம் விரிஞ்சு சுருங்கி, மூடிப் பக்கத்தால கசியப் பாக்கும். போன வருசம் ஒரு விருந்தாளி வானுக்குள்ள மூண்டு நாள் வச்சுக் கொண்டுவந்த போத்தலைத் திறந்து குடுத்தனான், அவிச்ச பழம் மாதிரி ஒரு மணம், அந்தாளின்ர முகத்தைப் பாக்கேலாமல் போச்சு.

நெற்றில பிரிட்ஜில வைக்கக்கூடாது எண்டு எழுதியிருப்பாங்கள். அது நிலக்கீழ் அறை வச்சிருக்கிறவனுக்குச் சொன்ன கதை. எங்களுக்கு பிரிட்ஜின்ர அடித்தட்டு, மரக்கறிப் பெட்டி, அதுதான் நிலக்கீழ் அறை. ஆறு மாதத்துக்கு ஒரு கெடுதியும் இல்லை. திருகு மூடியெண்டபடியால் படுக்கவைக்கத் தேவையில்லை, தக்கை எண்டாத்தான் காயாமல் படுக்கவைக்கோணும். பிரிட்ஜ் இல்லையெண்டா ஒரு பெரிய மண்பானைக்குள்ள ஈரமணல் போட்டு, போத்தலைப் பொலித்தீனால சுத்திப் புதைச்சு, வீட்டின்ர ஆகக் குளிர்ந்த மூலையில வையுங்கோ, மணல் காயாமல் தண்ணி தெளிக்கோணும். லேபல் பழுதாகாமல் பாருங்கோ, அத்தான் படம் கேப்பார்.

கெட்டுப்போமோ எண்டா, 2018, அந்தப் பக்கத்து நல்ல கபெர்னே ஷிராஸ், பத்துப் பதினைஞ்சு வருசம் லேசா நிக்கும், முடிவுத் திகதி போடாததுக்குக் காரணமும் உதுதான். ஆனா அது ஒழுங்கா வச்ச போத்தலுக்கு. உங்கடது ரெண்டு மூண்டு மாதம் வெந்திட்டுது. நான் எண்டா மாசியைத் தாண்ட விடமாட்டன்.

மற்றது அந்த ஊருக்குப் பேர் இல்லை எண்டு கேட்டனீங்கள். மெல்பேண் வைன் கண்காட்சியில ஜிம்மி வொட்சன் எண்டொரு கோப்பை குடுக்கிறவை, மெல்பேணில லைகன் ஸ்றீற்றில வைன் கடை வச்சிருந்த ஒருவற்ற ஞாபகமா. முதல் முதல் குடுத்தது 1962. வெண்டது எது? மெற்றாலா எண்ட 1961ஆம் ஆண்டு வைன், லாங்ஹோர்ன் கிறீக்கில விளைஞ்சது, அதுவும் கபெர்னேயும் ஷிராஸும் சேர்ந்த கலப்புத்தான். பிறகு 1974, 75, 76 எண்டு அடுத்தடுத்து மூண்டு வருசம் வுல்ஃப் பிளாஸ் எண்ட மனுசன் தன்ர "பிளாக் லேபல்" வைனால அதே கோப்பையைத் தூக்கினவர். அந்தாள் ஜேர்மனியில இருந்து 1961இல வந்தவர். வைன் வீடு பரோசாவில, ஆனா அந்தப் போத்தலுக்குள்ள பெரும்பங்கு லாங்ஹோர்ன் கிறீக் பழம். ஆகவே பிறெமர் அண்ணை சொன்ன பொலன்னறுவை மில்லுக் கதை சரியான பொருத்தம்.

(ஒரு குறை சொல்லவேணும். அந்தக் கோப்பை கனகாலம் ஒரு வயசு வைனுக்குத்தான் குடுத்தவை, அதாவது போத்தலுக்க விடமுதல் பீப்பாயில நிக்கிற சாமானுக்கு. நெல்லு பால் பிடிக்கேக்க விளைச்சல் பரிசு குடுக்கிற மாதிரி. எனக்கு அதில பெரிய மதிப்பில்லை.)

பரோசாக்காரரும் இந்தக் கலப்பில சும்மா ஆக்கள் இல்லை. யலும்பா எண்டு 1849இல தொடங்கின குடும்ப வைன் வீடு "சிக்னேச்சர்" எண்டு ஒண்டை 1962இல இருந்து செய்யுது, அதுவும் கபெர்னே ஷிராஸ். பென்ஃபோல்ட்ஸ் 1962இல "பின் 60ஏ" எண்டு ஒண்டு விட்டது, கூனவாரா எண்ட செம்மண் ஊரின்ர கபெர்னே, பரோசா ஷிராஸ், ரெண்டும் சேர்த்து. அந்த நாட்டின்ர ஆகச்சிறந்த சிவப்பு வைன்களில ஒண்டு எண்டு இண்டைக்கும் கதைக்கினம். நான் போத்தலைக்கூடக் கண்ணால காணேல்ல, காணவும் மாட்டன். கூனவாரா மண் சுண்ணாம்புக்கல்லுக்கு மேல சிவப்பு மண், கிட்டத்தட்ட யாழ்ப்பாணத்து மண் அமைப்புத்தான், பதினைஞ்சு கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு ஒடுங்கின கீற்று.

உடைக்கிற அண்டைக்கு: பிரிட்ஜில இருந்து எடுத்து முக்கால் மணித்தியாலம் வெளியில வையுங்கோ, அதுக்கு மேல வேண்டாம். "அறைச் சூட்டில குடி" எண்டு புத்தகத்தில சொல்லுறது ஐரோப்பாக் குளிர் வீட்டின்ர அறை, 16, 18 பாகை. விசுவமடு அறை இல்லை. திறந்து ஒரு கண்ணாடி யூசுச் சாடிக்க மெதுவா ஊத்தி ஒரு மணித்தியாலம் விடுங்கோ. அடியில கறுப்பா மண்டி வந்தா பயப்படாதையுங்கோ, நிறமும் தனினும் கட்டிப் படிஞ்சது, நஞ்சில்லை. ஆனா ஊத்தேக்க அதை போத்தலிலயே விடுங்கோ.

கறி முக்கியம். எங்கட உறைப்பு ஆட்டிறைச்சிக் கறியோட இதைக் குடிச்சா வாய் எரியும், மிளகாய் அற்ககோலையும் துவர்ப்பையும் இன்னும் தூக்கிக் காட்டும். செத்தல் மிளகாயைக் குறைச்சு மிளகு கூடப் போட்டுப் பிரட்டல் மாதிரி வையுங்கோ.

முழங்காவில்_தோட்டம்

நடுவில ஒரு கேள்வி. எங்கட பக்கமும் செம்மண்தான், மாமரமும் மரமுந்திரிகையும் நல்லா வருது. யாழ்ப்பாணத்தில முந்திரிகை செய்யினம் தானே. இந்தக் கபெர்னே, ஷிராஸ் கொடி எடுத்து வச்சா வராதோ? ஏன் ஒருத்தரும் செய்யேல்ல? தண்ணியும் குளமும் எங்களிட்ட அவையை விடக் கூட.

கனகராயன்குளம்_ஐயா

நான் விவசாயப் போதனாசிரியரா இருந்து பென்சன் எடுத்தனான். கொடி வரும். பழமும் வரும். வைன் வாறதுதான் கஷ்டம்.

எங்கட நாட்டில முந்திரிகைக்கு நித்திரை இல்லை. குளிர்காலம் எண்டு ஒண்டு இல்லாதபடியால் அது இலை கொட்டி ஓயாது, நாங்கள் கத்தரிச்சுத்தான் பூக்கப் பண்ணுறது, அதால வருசத்தில ரெண்டு தரம் கூடப் பழம் எடுக்கலாம். யாழ்ப்பாணத்தில வைக்கிற இஸ்ரேல் புளூ மாதிரி இனங்கள் சாப்பிடுற பழம், அதுக்கு உது காணும். வைன் பழத்துக்குப் பகல் வெயிலும் வேணும், இரவு குளிரும் வேணும். இரவும் 25 பாகைக்குக் குறையாட்டி பழம் தன்ர புளிப்பை எரிச்சுப்போடும், இனிப்பு மட்டும் மிஞ்சும். புளிப்பில்லாத வைன் பாணி மாதிரித்தான் இருக்கும். பிறெமர் தம்பி சொன்ன ஏரிக்காத்து அங்க செய்யிற வேலை அந்தப் புளிப்பைக் காக்கிறதுதான், கவனிச்சுப் பாத்தா உம்மட கேள்விக்கு மறுமொழி அதுக்குள்ளயே கிடக்கு. அதோட பழம் பழுக்கிற நேரம் மழை விழக்கூடாது, அங்க பழம் பிடுங்கிறது மாசி பங்குனி சித்திரை, வரட்சி. எங்களுக்குக் கார்த்திகை மார்கழியில கொடி பூஞ்சணம் பிடிச்சுக் கறுத்துப்போம்.

மருந்தடிச்சு மருந்தடிச்சு ஒரு வேளை எடுத்தாலும் வீட்டில வைன் வடிச்சு விக்க அனுமதி வேணும், கலால் திணைக்களக்காரர் வந்து நிப்பினம். முழங்காவில் தம்பி, மாமரத்தைப் பாரும்.

தவறணை_தம்பு

ஐயா சொன்னாச் சரி. பனைக்கு நித்திரையும் வேண்டாம் ஏரிக்காத்தும் வேண்டாம்.

விசுவமடு_பெடியன் (மாசி)

இந்தத் திரியை மறந்திருப்பியள். சொன்னபடி அண்டைக்கே எடுத்து, கிளிநொச்சியில பெரியம்மா வீட்டு பிரிட்ஜில அடித்தட்டில கீரைக்குக் கீழ வச்சனான். கறண்ட் போற நேரமெல்லாம் எனக்குத்தான் வயித்தைக் கலக்கினது. போன ஞாயிறு அப்பான்ர எழுபது. அம்மாக்கு முதல்நாள்தான் சொன்னது, பேசுவா எண்டு பாத்தா, "அதையேன் மச்சக்கறிப் பானைக்குக் கிட்ட வச்சனீ, சாமியறைக்குக் கிட்டக் கொண்டுபோகாதை" எண்டதோட விட்டிட்டா.

மாங்குளத்தார் சொன்னபடி சாடியில ஊத்தி வச்சன். மண்டி இருந்தது, கொஞ்சம்தான். நிறம் நாவல்பழச்சாறு மாதிரி, விளிம்பில கொஞ்சம் செங்கல் நிறம். வாயில வச்சோண்ண முதல் ஒண்டும் பிடிபடேல்ல, புளிப்பு, பிறகு துவர்ப்பு, எனக்கு முகம் சுழிஞ்சிட்டுது. ரெண்டாவது வாய் மிளகிறைச்சியோட குடிக்கத்தான் என்ன நடக்குது எண்டு விளங்கிச்சுது, அந்த இழுக்கிற துவர்ப்பு இறைச்சிக் கொழுப்போட போய் அடங்குது, நடுவில பழம் வந்து நிக்குது. ஓட்டை தெரியேல்ல வாத்தியார். அவிஞ்ச மணம் கொஞ்சம் இருந்ததோ எண்டு ஒரு எண்ணம், மாங்குளத்தார் சொன்னதால வந்த எண்ணமோ தெரியாது. மிளகு மணம் எனக்குச் சாடையா வந்தது, சித்தப்பாக்கு நல்லா வந்தது, அப்பாக்கு இல்லவே இல்லை. அம்மா குடிக்கேல்ல, கிளாசை மட்டும் வாங்கி மணந்துபோட்டு "கோடாலித் தைலம்" எண்டா, அந்த யூக்கலிப்டஸ் மணம்தான். அவவுக்கு இந்தத் திரியைப் பற்றி ஒண்டும் தெரியாது!

மெல்பேணில இருந்து அத்தான் வீடியோவில வந்து எப்பிடி மாமா எண்டு கேட்டார். அப்பா ரெண்டு கிளாஸ் குடிச்சவர், நல்லம் தம்பி எண்டு மட்டும் சொன்னார். பிறகு போத்தலைக் கையில எடுத்து லேபலைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு என்னட்டக் கேட்டார், இதுதானோ அண்டைக்கு நீ வாசிச்ச வெள்ளத்துக் கதை எண்டு. ஓம் எண்டன். கொஞ்ச நேரத்தால, "கடைசிக் காணிக்காரனுக்குத் தண்ணி போய்ச் சேருதோ எண்டு அந்தப் பெடியனைக் கேள்" எண்டார். ரெண்டு நாளாக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், பிறெமர் அண்ணை நிண்டா மறுமொழி போடுங்கோ.

பிறெமர்_ஆத்தங்கரை

அப்பாவுக்கு என்ர வாழ்த்தைச் சொல்லும். சின்ன வெள்ளம் எண்டா போய்ச் சேராது, மேல நிக்கிறவனோட முடிஞ்சிடும். பெரிசா வாற வருசம்தான் கடைசி ஆளுக்கும் கிடைக்கும். மிச்ச வருசத்துக்குக் குழாய்த் தண்ணி, அதுக்கு மீற்றர் ஓடும், லீற்றர் கணக்குக்குக் காசு. எங்கட கிழவன்ர காணி கடைசியில இருந்து ரெண்டாவது, அதுதான் ஆறு வந்த அண்டைக்கு அப்பிடிச் சிரிச்சவன்.